இருபத்தாறு நொடி

மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள்.
சோப்பு நுரை, எண்ணெய், கடைசியில்
நர்ஸ் நொக்வாண்டாவின் நகம்.
முப்பத்தொரு வருஷம் சதைக்குள் இருந்த ஒற்றைக் கல்
கிண்ணத்தில் ணங் என்றது.
காந்தத்தின் முன் உலோகம் கூடாதாம்.

ஜன்னலில் டர்பன் துறைமுகம்,
சரக்குப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி
வைக்க மறந்த ஒரு கிரேன்.
மண்டையைத் திறக்க மாட்டோம், ஊசி இல்லை, மயக்கம் இல்லை;
கதவைத் தட்டுவோம், உள்ளே வர மாட்டோம்,
என்றார் டாக்டர் மூட்லி.

முதலில் அளவெடுத்தார்கள்.
எட்டுப் போட்ட மாதிரி ஒரு கருப்புச் சுருள்
இடது காதுக்கு மேலே நகர்ந்து நகர்ந்து
டிக்.
என் வலது கட்டைவிரல் துள்ளியது.
நான் சொல்லவில்லை.
இருபத்திரண்டு வருஷம் ஜேக்கப்ஸ் ஃபேக்டரியில்
சட்டைக் காலர் திருப்பிய விரல்.
ஃபோர்மன் சொல்லி அசைந்திருக்கிறது,
வயிறு சொல்லி அசைந்திருக்கிறது,
யாரும் சொல்லாமல் அன்றைக்குத்தான்.
கூட்டத்தில் யாரோ தலைப்பை இழுத்த மாதிரி
வெட்கமாக இருந்தது.

பிறகு சுருளை நெற்றிப் பக்கம் தள்ளித்
தொப்பியில் பேனாவால் குறி போட்டார்கள்.
ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள்.
பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்கு வெறும் சத்தம்;
யாருக்கு எது என்று நொக்வாண்டாவுக்கும் தெரியாது.
நான்கு நொடி மரங்கொத்தி.
இருபத்தாறு நொடி ஒன்றுமில்லை.
மறுபடி மரங்கொத்தி.

அந்த இருபத்தாறுதான் கஷ்டம்.
வீட்டில் இரண்டு வருஷமாய் இருந்ததும் அதுதான்.
கரண்ட் போவதும் வருவதும்
ஃப்ரிட்ஜுக்குத்தான் தெரிந்தது.
காரணம் கேட்டார்கள்.
தெரிந்தால் பிரித்துத் தைத்திருக்க மாட்டேனா,
எந்த இடத்தில் நூல் விட்டதென்றே தெரியவில்லை.

பதினாலாம் நாள் லோட்ஷெட்டிங்.
டிக் டிக் டி
ஜெனரேட்டர் பிடிக்கும் வரை இருட்டு.
இடி இடித்தால் எங்கள் வீட்டில் கண்ணாடியைத் துணியால் மூடுவோம்,
நீங்கள் மின்னலைத் தலைக்கே கூப்பிடுகிறீர்கள்,
என்றாள் நொக்வாண்டா.
சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.
சிரிப்பை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

நான்காம் வாரம், வெள்ளிக்கிழமை,
சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்.
வாடிய கொத்தமல்லிக்குப் பன்னிரண்டு ராண்ட் என்றான்.
இது கொத்தமல்லியா, மாடு வைத்த மிச்சமா?
என் வாயிலிருந்துதான் வந்தது.
பத்து என்றான். எட்டு என்றேன்.
கறிவேப்பிலை கொசுறு கேட்டு வாங்கினேன்.
பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு
கை நடுங்கியது, பை நிறைய வாசனை.

உறை பிரித்த நாளில்
இழவு சொல்ல வந்தவர் மாதிரி
குரலைத் தாழ்த்தினார் டாக்டர்.
உங்களுக்கு வெறும் சத்தம்தான், மிஸஸ் கோவிந்தசாமி.
பக்கத்து நாற்காலி ஸுங்குவுக்கு நிஜமாம், அவரே சொன்னார்,
சொல்லிவிட்டு மறுபடி தரையைப் பார்த்தார்.

அப்படியானால் அந்தக் காந்தம்
என்னில் அசைத்தது முதல் நாள் கட்டைவிரல் மட்டும்.
நான்கு ராண்டுக்கு என் வாயை அசைத்தது யார்?
கேட்டேன்.
அதைத்தான் நாங்களும் தேடுகிறோம் என்று
ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.

வேண்டுமானால் திங்கட்கிழமை முதல் நிஜம் தருகிறோம் என்றார்.
வருகிறேன் என்றேன்.
வெளியே வந்ததும் பயம்,
இருக்கிற இந்தக் கொஞ்சத்தையும் கலைத்துவிடுமோ.
மூக்குத்தி பர்ஸில்.
துளை தூர்ந்துகொண்டு வருகிறது.

வராந்தாவில் ஸுங்குவின் ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது.
சொன்னேன். அவர் குனியவில்லை.
நானும் குனியவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
இருபத்தாறைத் தாண்டியிருக்கும்.